‘அபஸ’ ஓதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத வரலாறு

சேலம் கோட்டைப் பகுதியிலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களின் முஸ்லிம் தெருக்களிலும் மஃரிபுத் தொழுகைக்குப் பின் நடந்து செல்வோர் காதில் விழும் ஓசை ஒன்றுண்டு. மதரஸாவில் பிள்ளைகள் அம்ம ஜுஸ்உவை ஒரே குரலில் ஓதிக்கொண்டிருப்பார்கள். சிறிய சூராக்களில் தொடங்கிப் பெரியவற்றை நோக்கிச் செல்லும் அந்த மனனப் பாதையில் ஒருநாள் திருக்குர்ஆனின் எண்பதாவது அத்தியாயம் வந்து சேரும். அதன் பெயர் ‘அபஸ’. நாங்களும் அவ்வாறே ஓதினோம். ‘ஐன்’ எழுத்து தொண்டையிலிருந்து சரியாக வராவிட்டால் ஹஜ்ரத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். ஆனால் அச்சொல்லுக்கு ‘முகம் சுளித்தார்’ என்பது பொருள் என்பதையோ, அந்தச் சுளிப்புக்கு எதிரே நின்றவர் கண்பார்வை இல்லாத ஒருவர் என்பதையோ அந்த வயதில் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதே தெருவில் ஒரு வீட்டின் சன்னலோரம் எங்கள் வயதுப் பையன் ஒருவன் அமர்ந்திருப்பான். பேச்சு வராது, சில நேரம் உரக்கக் குரல் எழுப்புவான். அவனுக்கு என்ன என்று கேட்டால், ‘சும்மா இரு, அதையெல்லாம் கேட்கக் கூடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். கேட்பதே பாவம் என்று எண்ணி வளர்ந்தோம். மதரஸாவில் நாள்தோறும் ஓதிய அத்தியாயத்துக்கும் அந்தச் சன்னலுக்கும் தொடர்பு உண்டு என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது.

அந்தத் தொடர்பை மக்காவிலிருந்தே சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்கள் சிலரிடம் மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து தமக்குக் கற்றுத் தருமாறு வேண்டினார். பேச்சு இடைமறிக்கப்பட்டதில் அண்ணலாரின் முகம் சுருங்கியது. அதைக் கண்டித்து இறைவசனங்கள் இறங்கின. அந்தக் கண்டிப்பை நபியவர்கள் மறைக்கவில்லை. மக்களுக்கு ஓதிக் காட்டினார்கள். இன்றும் உலகெங்கும் பிள்ளைகள் அதை ஓதுகிறார்கள்.

இங்கே நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இப்னு உம்மி மக்தூமால் அந்தச் சுளிப்பைக் கண்டிருக்க முடியாது. பார்த்தவர்கள் சூழ இருந்தவர்கள் மட்டுமே. நம் வீட்டிலும் அப்படித்தான்: விருந்தினரின் குழந்தையைக் கண்டு நம் முகத்தில் ஓடும் சிறு மாற்றத்தை அக்குழந்தை உணராமல் போகலாம். பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளை அதைப் பார்த்துவிடும். பார்த்ததைப் பாடமாகவும் எடுத்துக்கொள்ளும்.

இப்னு உம்மி மக்தூமின் வரலாறு அந்த ஒரு நிகழ்ச்சியோடு முடிவதில்லை. அதோடு முடித்துவிடுவதுதான் நம் சொற்பொழிவுகளின் குறை. ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்குச் சென்று முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுடன் குர்ஆன் கற்பித்த முன்னோடிகளில் அவர் ஒருவர். கற்றுத் தருமாறு வேண்டியவர், கற்றுத் தருபவரானார். மஸ்ஜிதுந் நபவியில் பிலால் (ரலி) அவர்களோடு அவரும் முஅத்தினாக இருந்தார். ரமளானில் பிலாலின் பாங்கு ஸஹர் உணவுக்குத் தடையில்லை, இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்கும்வரை உண்ணலாம் என்று நபியவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். வைகறை புலர்ந்ததைக் கண்டவர்கள் அவரிடம் சொல்வார்கள். அவர் பாங்கு சொல்வார். ஓர் ஊரே நோன்பைத் தொடங்கும் நேரம், பார்வையற்ற ஒருவரின் குரலில் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட உதவி, நேரம் ஆகிவிட்டதென்று ஒருவர் சொல்வது மட்டுமே. இன்றைய சிறப்புக் கல்வியில் ‘நியாயமான வசதி செய்து தருதல்’ என்று பெரிய பெயரில் பேசப்படுவது இதைத்தான். நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவரிடம் விடப்பட்டிருக்கிறது.

அவர் கேள்வி கேட்பவராகவும் இருந்தார். இறைவழியில் போரிடுவோரும் வீட்டில் அமர்ந்திருப்போரும் சமமாகமாட்டார் என்ற வசனம் எழுதப்பட்டபோது, போரிட இயன்றால் போரிட்டிருப்பேனே, என் நிலை என்ன என்று அவர் முறையிட்டார். உடற்குறை உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கும் சொற்கள் அதே வசனத்தில் இணைந்து இறங்கின. அந்நிஸா அத்தியாயத்தின் 95ஆம் வசனம் அது. புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. தம் நிலைமையைத் தாமே எழுந்து நின்று கூறியவரை அந்தச் சமூகம் வாயடைக்கவில்லை என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கு அழைத்து வர வழிகாட்டி இல்லாததால் வீட்டிலேயே தொழ அனுமதி கேட்டு அவர் வந்தார். முதலில் அனுமதித்த நபியவர்கள், அவரை மீண்டும் அழைத்து, பாங்கு காதில் விழுகிறதா என்று கேட்டார்கள். விழுகிறது என்றதும், அப்படியானால் வாருங்கள் என்றார்கள். அதே நகரில் இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்று ஒருவர் இருந்தார். பார்வை மங்கிப்போனவர், தம் கூட்டத்தாருக்கு இமாமாகவும் இருந்தவர். மழை பெய்தால் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்துவிடுகிறது, தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அதையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வேன் என்று அவர் வேண்டினார். நபியவர்கள் அவருடைய வீடு தேடிச் சென்று தொழுதார்கள். இவ்விரண்டையும் பொருத்திப் பார்ப்பது எப்படி என்று ஃபிக்ஹு அறிஞர்கள் நீண்ட விவாதம் செய்திருக்கிறார்கள். அதற்குள் நாம் போகவில்லை. பெற்றோராக நமக்குப் படுவது ஒன்றுதான்: குறை ஒன்றுபோல் தோன்றினாலும் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தார்கள், மற்றவரின் வீட்டுக்குத் தாமே போனார்கள். ஒவ்வொருவருக்கும் எது தேவை என்று கேட்டறிந்த பிறகே முடிவு செய்தார்கள்.

இந்தச் செய்திகள் நமக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அனஸ் இப்னு மாலிக் (ரலி), பத்து வயதில் நபியவர்களின் பணிக்கு வந்த பிள்ளை. அவர் அறிவிக்கும் ஒரு காட்சி முஸ்லிமில் இருக்கிறது. அறிவில் ஏதோ குறை இருந்த ஒரு பெண் வழியில் நபியவர்களை நிறுத்தித் தமக்குத் தங்களிடம் ஒரு தேவை இருக்கிறது என்றார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாயோ அதைத் தேர்ந்துகொள், உன் தேவையை நிறைவேற்றுகிறேன் என்று கூறி, அவர் தேர்ந்த வழியில் ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். அந்தப் பெண் என்ன கேட்டார் என்பது ஹதீஸில் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு அளிக்கப்பட்டது என்பதும், அவர் பேசி முடிக்கும்வரை அவசரம் காட்டப்படவில்லை என்பதும் இருக்கின்றன. நபியவர்களின் அருகிலேயே வளர்ந்த ஒருவர் அதை மனத்தில் வைத்திருந்து, பிற்காலத்தில் நமக்காகச் சொல்லிச் சென்றார்.

வலிப்பு நோயுற்ற கறுப்பினப் பெண்ணின் வரலாறும் இவ்வகையானதே. இப்னு அப்பாஸ் (ரலி) தம் மாணவர் அதா இப்னு அபீ ரபாஹ் அவர்களை அழைத்து, சுவனவாசியான ஒரு பெண்மணியைக் காட்டவா என்று கேட்டு, அவரைச் சுட்டிக்காட்டி அவருடைய கதையைக் கூறினார். வலிப்பு வருவதையும், அந்நேரத்தில் தம் ஆடை விலகிவிடுமோ என்று அவர் அஞ்சியதையும், அவ்வாறு விலகாதிருக்க மட்டும் நபியவர்களிடம் துஆ வேண்டியதையும் ஒளிக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அதா யார் தெரியுமா? கால் ஊனமும் ஒரு கண்ணில் பார்வைக் குறையும் உடையவர். முதுமையில் இருகண் பார்வையும் இழந்தவர். மக்காவின் தலைசிறந்த மார்க்க அறிஞராக உயர்ந்தவர். ஆசிரியர் மாணவருக்குச் சொன்ன முறையைக் கவனியுங்கள். முணுமுணுப்பு இல்லை, ‘பாவம்’ என்ற பெருமூச்சும் இல்லை. நோயின் பெயர் உண்டு, அவரது அச்சம் உண்டு, அவரது மதிப்பு உண்டு.

வெளிப்படையாகப் பேசுவது என்றால் எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிடாது. பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) மரமேறியபோது அவருடைய மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்துவிட்டார்கள்; அந்தக் கால்கள் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் அவர்களைத் திருத்தினார்கள். ஆனால் ஹதீஸ் நூல்களைப் புரட்டினால் ‘அஃமஷ்’ என்றும் ‘அஃரஜ்’ என்றும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. முன்னதற்குக் கண் நோயுற்றவர் என்றும், பின்னதற்குக் கால் ஊனமுற்றவர் என்றும் பொருள். கூஃபாவின் சுலைமான் இப்னு மிஹ்ரான் ‘அஃமஷ்’. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் அப்துர் ரஹ்மான் இப்னு ஹுர்முஸ் ‘அஃரஜ்’. தமிழிலும் ‘அந்தகக்கவி’ வீரராகவ முதலியார் என்ற பெயர் இலக்கிய வரலாற்றில் மரியாதையோடு நிற்கிறது. அப்படியானால் எல்லை எங்கே? இமாம் நவவி (ரஹ்) புறம்பேசுதல் பற்றி எழுதும்போது இதற்கு விடை தருகிறார்கள். ஒருவர் அப்பெயராலேயே அறியப்படுகிறார் என்றால் அடையாளத்துக்காகச் சொல்லலாம். இழிவுபடுத்தும் நோக்கில் சொல்வது ஹராம். வேறு விதமாக அடையாளம் காட்ட முடியுமானால் அதுவே சிறந்தது.

அஃமஷைப் பற்றி ஒரு கதையும் சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். அவரும் ஒற்றைக்கண் பார்வையுள்ள இப்ராஹீம் நகயீ (ரஹ்) அவர்களும் ஒன்றாக நடந்து போனார்கள். நம்மைச் சேர்த்துப் பார்த்தால் மக்கள் ஏதேனும் சொல்வார்கள், ஆளுக்கொரு வழியில் போகலாம் என்றார் இப்ராஹீம். சொல்லட்டுமே, அவர்களுக்குப் பாவம், நமக்கு நன்மை என்றார் அஃமஷ். அவர்களும் பாவத்திலிருந்து தப்ப, நாமும் அவர்கள் நாவிலிருந்து தப்புவது மேல் என்று கூறி இப்ராஹீம் வேறு வழியில் நடந்தாராம். அவ்வளவு பெரிய அறிஞர்களையும் தெருவின் ஏளனம் தொட்டிருக்கிறது. அதை அவர்கள் தமக்குள் சிரித்துப் பேசிக்கொள்ளவும் முடிந்திருக்கிறது.

நம் பக்கத்துத் தெருக்களில் இன்றும் ‘நொண்டி’ விளையாட்டுப் பெயர்; கோபம் வந்தால் அதுவே வசைப்பெயர். செவிடு, குருடு, லூசு என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதை நாம் கண்டும் காணாமலும் போகிறோம். 2010இல் தமிழ்நாடு அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விலக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை ஏற்றது. நல்லதொரு மாற்றம், பேருந்து இருக்கையின் மேலும் அலுவலகப் பலகைகளிலும் அது ஏறிவிட்டது. வீட்டுக்குள் ஏறியதா என்பதே ஐயம். புதுச்சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாட அனுப்பாமல் இருந்தால் அந்தச் சொல்லும் சில ஆண்டுகளில் வசையாகிவிடும்.

நபித்தோழர் காலத்துக்குப் பிறகும் நம் சமூகத்தில் இந்த நினைவு அறுந்துவிடவில்லை. உமய்யா கலீஃபா வலீத், ஹிஜ்ரி 88இல், அதாவது கி.பி. 707 வாக்கில், தொழுநோயாளர்களுக்கு உதவித்தொகையும், நடக்க இயலாதவர்களுக்குப் பணியாளும், பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டியும் ஏற்படுத்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாக்தாதில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸைனுத்தீன் ஆமிதீ என்ற பார்வையற்ற அறிஞர், தம் நூல்களின் விலையை நினைவில் கொள்ளத் தாளை மெல்லிய திரியாக முறுக்கி எழுத்து வடிவில் வளைத்து அட்டையில் ஒட்டிவைத்தார். தேவைப்படும்போது விரலால் தடவி அறிந்துகொண்டார். பிரெய்ல் முறை அச்சேறிய 1829க்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு இது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பார்வையற்ற மாணவர்களுக்கென்றே தனி இடம் 18ஆம் நூற்றாண்டில் அமைந்தது. சிறுவயதில் பார்வை இழந்து அதே அல்அஸ்ஹரில் பயின்ற தாஹா ஹுசைன், 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். உஸ்மானியரின் ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பின் 70ஆம் விதி, பேச இயலாதவரின் வழக்கமான சைகை வாய்மொழிக்குச் சமம் என்று ஏற்றது. அது ஹனஃபி ஃபிக்ஹின் பழைய முடிவே. சைகையால் ஒருவர் வாங்கலாம், விற்கலாம், நிக்காஹ் செய்யலாம். சைகை மொழி தெரிந்த ஒருவரையாவது நம் ஜமாஅத் அலுவலகத்தில் காண முடிகிறதா?

தமிழகத்தில் பள்ளிக்கூடம் என்ற அமைப்பாக இது தொடங்கியது பாளையங்கோட்டையில். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். இருவரும் கிறித்துவ ஊழியர்கள். அவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். அதே காலத்தில் தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் செல்வமும் மதரஸாக்களும் இல்லாமல் இல்லை. பார்வையற்ற பிள்ளைகளை ஹாபிழாக்கும் மரபு ஆங்காங்கே இருந்தது. செவிமடுத்து மனனம் செய்யும் கல்வி அவர்களுக்கு இயல்பாகவே கைகொடுத்தது. காது கேளாதவர்களுக்கும், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கும் அந்தக் கல்வியில் இடம் கிடைக்கவில்லை. அவர்களை நாம் வீட்டுக்குள் வைத்தோம். சிலரை வெளியூருக்குக் கொண்டுபோய் விட்டோம்.

வெளியூர் என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்காது. மனநோயும் மனவளர்ச்சிக் குறையும் வேறு வேறு என்றாலும், இரண்டையும் ‘புத்தி சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். பல மதத்தவரும் பல மாநிலத்தவரும் நம்பிக்கையோடு உறவினரை ஏர்வாடிக்கு அழைத்துச் சென்றனர். தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் பெருகின. 2001 ஆகஸ்ட் 6 வைகறையில் அவற்றுள் ஒரு விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, அவ்விடுதிகள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று விதித்தது. இறந்தவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் பெற்றோர், அண்ணன் தம்பிகள்தாம். அவர்களைக் கொடியவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஊராரிடம் ஒரு சொல் சொல்ல முடியாமல், கேட்டறிய ஆளில்லாமல், கடைசியில் ஒரு பேருந்தில் ஏறியவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம், சித்தப்பா எங்கே என்ற கேள்விக்கு என்ன விடை சொல்லப்பட்டிருக்கும்?

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்தச் சமவெளியின் தறிக்கூடங்களிலும் லாரிப் பட்டறைகளிலும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய தோழர் ஒருவரேனும் நினைவில் இருப்பார். 1995இல் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாம்களின் பயனாக, இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் பதிவானது. 2014இல் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. பெரிய அருள் இது. கூடவே ஒரு மாற்றமும் நேர்ந்தது: கண்ணால் பார்த்ததும் விளங்கும் குறையோடு தோழனாக வளர்ந்த பையன் இன்றைய வகுப்பில் அரிதாகிவிட்டான். இன்று அதிகம் பேசப்படும் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் தோற்றத்தில் தெரிவதில்லை. எனவே ‘திமிர்’, ‘சோம்பல்’, ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பழி எளிதில் விழுகிறது. பெரும்பாலும் அது தாயின் மேல் விழுகிறது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டச் சொன்னார். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிசில் வெண்கலம். இந்த வரலாற்றில் பதக்கத்தைவிட நம்மைத் தொடுவது அந்த ஆசிரியர்தான். காலைப் பார்த்துவிட்டு, ‘நீ ஓரமாக உட்கார்’ என்று அவர் சொல்லவில்லை.

ஆயினும் மாரியப்பனை மட்டும் சொல்லிப் பிள்ளை வளர்ப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பதக்கம் வென்றால்தான் மதிப்பு என்று பிள்ளை எண்ணிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்நாளும் பதக்கம் வெல்லாமல் போகலாம். தானாக உண்ணவும் கற்காமல் போகலாம். மதீனத்துத் தெருவில் நபியவர்களை நிறுத்திய அந்தப் பெண் எதையும் சாதித்ததாக ஹதீஸில் இல்லை. அந்த வரலாற்றையும் மாரியப்பனின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டமும் இன்று நம் பக்கம் நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கவும் ஏற்பாடு உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தலாம். இவை அனைத்துக்கும் முதற்படி ஒன்றுதான்: பெற்றோர் வாய் திறந்து சொல்லி, மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெறுவது.

அந்தப் படியில்தான் நம் குடும்பங்கள் தடுக்கி நிற்கின்றன. ‘அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், அக்காவுக்குச் சம்பந்தம் வராது’ என்று சொல்லும் அத்தாமாரை நாங்கள் நேரில் அறிவோம். பேச்சு தானாக வந்துவிடும் என்று காத்திருந்து, தாயத்தும் தண்ணீரும் ஓதி வாங்கி, குழந்தைக்கு ஏழு வயதான பிறகு செவித்திறன் சோதனைக்குப் போன வீடுகளையும் அறிவோம். துஆவை நாம் குறை சொல்லவில்லை. துஆவோடு சேர்த்துச் சோதனைக்கும் போயிருக்கலாம் என்கிறோம். மொழி மூளையில் ஊன்றும் முதல் ஆண்டுகள் போனால் திரும்பி வருவதில்லை. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து கேட்டபோது, உள்ளே இருந்த பிள்ளையைச் சொல்லாமல் விட்ட வீடுகள் இந்த எண்ணிக்கைக்கு வெளியே இருக்கின்றன.

‘அந்தப் பிள்ளைக்குக் கேள்வி கணக்கு இல்லை, நேரே சுவனம்’ என்று ஆறுதல் சொல்கிறோம். அறிவு தெளியாதவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்ற நபிமொழி மெய்யே. அது அப்பிள்ளையின் கணக்கைப் பற்றியது. பொருளை நிர்வகிக்க இயலாதவர்களுக்கு உணவும் உடையும் அளிப்பதோடு நல்ல சொல்லும் பேச வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் நம்மிடம் தனியாகக் கேட்கிறது.

வீட்டில் என்ன சொல்வது? ஐந்து வயதுப் பிள்ளை, ‘அந்த அண்ணன் ஏன் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்?’ என்று மண்டபத்தில் உரக்கக் கேட்டால், கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல், ‘சத்தம் அதிகமானால் அவருக்குச் சிரமமாக இருக்கும், அப்போது அப்படிச் செய்வார்’ என்று அதே குரலில் சொல்லலாம். பத்து வயதில் குறையின் பெயரையும் சொல்லலாம். தன் தம்பிக்கே குறை இருந்தால் அக்காவிடம் முன்னதாகவே, முழுமையாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் பிறர் வாயிலாக அவள் அறியக் கூடாது. அவளுக்கு வெட்கமும் கோபமும் வரும். அதைப் பாவம் என்று அடக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். எப்படிப் பேசுவதென்று தெரியாவிட்டால் அப்பிள்ளையின் தாயிடமே கேட்டுவிடலாம். பெரும்பாலான தாய்மார் அந்தக் கேள்விக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மதரஸாச் சேர்க்கையின்போது, பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று ஹஜ்ரத் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம். ‘அபஸ’ பாடம் வரும் நாளில், ஓதிக் கொடுத்த பிறகு, பத்து நிமிடம் இப்னு உம்மி மக்தூமின் கதையைச் சொல்லலாம்.

சன்னலோரம் அமர்ந்திருந்த அந்தப் பையன் இன்றிருந்தால் ஐம்பதை நெருங்கியிருப்பான். அந்த வீடு கைமாறிவிட்டது. அவன் பெயர் என்ன என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்டுப் பார்த்தோம், தெருவில் எவருக்கும் தெரியவில்லை.